முனீஸ்வரருக்குக் காட்டிய குளவி

மலேசியாவில் பீடோருக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர்த் தோட்டம் இருந்த மண்ணில், என் அக்கா வீட்டுக்காரர் குத்தகைக்குச் சோளம் போடுகிறார். போன தடவை புழு தண்டுக்குள் புகுந்து முழுக்கத் தின்றுவிட்டது. இந்தத் தடவையும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லோரி ஓட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட அன்றே அக்கா எனக்குப் போன் செய்தாள். அக்கா தானாகப் போன் செய்தால் விஷயம் பெரிது.

அதனால்தான் ஈப்போவில் இரண்டு பெட்டி குளவி வாங்கினேன். கொட்டுகிற குளவி இல்லை, புள்ளியளவுதான். புழுவாகப் போகிற முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அந்த முட்டை கறுத்துப்போகும், புழு வராது. குளவி இன்னும் வெளிவராத அந்தக் கறுத்த முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். கொடுத்த பெண், சூடு கூடினால் சீக்கிரம் வெளியே வந்துவிடும், ரொம்பக் கூடினால் செத்துவிடும், வெயில் தாழ்ந்து சோள இலையில் கட்டுங்கள் என்றாள். என் காரில் ஏர்கோன் வேலை செய்யாது. ஈரத் துண்டில் சுற்றி, பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போவது போல ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தது நல்ல மத்தியானம். அங்கே புதிதாக எது வந்தாலும் முதலில் முனீஸ்வரருக்குக் காட்ட வேண்டும். தண்ணீர் பம்பு, மோட்டார்சைக்கிள், மருமகள், எதுவானாலும். மச்சான் ஒரு பெட்டியோடு, சோளத்தை ஒட்டியிருந்த முனி கோயிலுக்கு நடந்தார். வெயிலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். முனிக்கு வெயில் புதுசா என்று கேட்டார். பூசாரி பெட்டியைக் காய்ந்த சிமெண்டு மேடையில் வைத்து, மூடியைத் திறந்து, பக்கத்திலேயே கற்பூரம் ஏற்றினார். தேங்காய் உடைப்பதற்குள் பெட்டியிலிருந்து தூசி போல ஏதோ எழும்பியது. முனி முகத்திலும் அவருக்கு வைத்த சுருட்டிலும் போய் உட்கார்ந்தது.

"சாமி ஏத்துக்கிட்டாரு லா," என்றார் பூசாரி.

"முனிக்கு ஏது அண்ணே சோளம்?" என்றார் மச்சான்.

இன்னொரு பெட்டியை அக்கா யாரையும் கேட்காமல் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வெயில் தாழ்ந்ததும் மூவரும் அட்டைகளை இலைகளில் கட்டினோம். கோயில் பக்கத்து வரிசைகளுக்குப் போதவில்லை.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள்.

"முட்டையெல்லாம் கறுத்திருக்குடா. கோயில் பக்கந்தான் புழு."

லோரிப் பேச்சு என்ன ஆனது என்றேன். மச்சான் போனை வாங்கிக்கொண்டார்.

"இன்னொரு பெட்டி கொண்டா. முனிகிட்ட சொல்லிட்டேன், சாயங்காலமா வந்தா போதுமாம்."