மூன்றாம் மாடி வாடகைக்காரி

டோலோரஸ் சுப்பெரினாவுக்கு வாய் இல்லை என்று ரியேகா துறைமுக நகரத்தில் ஒருத்தரும் சொல்ல முடியாது. இரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவள். இறங்கும் வழியில் ஏறுகிற கல்லூரிப் பிள்ளைகள், நாயை ஸீட்டில் உட்காரவைத்துவிட்டுத் தான் நிற்கிற சீமாட்டிகள், பஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு எதிர்க்கடையில் காப்பி குடிக்கிற கனவான்கள் என்று எல்லோரையும் ஒரே குரலில் நலம் விசாரிப்பாள். மலையிலிருந்து புரா காற்று இறங்கிக் குடைகளைத் திருப்பிப்போடுகிற நாளில்கூட அந்தக் குரல் துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று வருஷமாகத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். நீளமான வாக்கியம்கூட இல்லை. "இவ என் பொண்டாட்டி." அவ்வளவுதான்.

இவள் என்றால் மாரிவிக். பிலிப்பைன்ஸ்காரி. பக்கத்துக் கடற்கரை ஊரான ஒபாத்தியாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்ய வந்தவள். ஓடி வந்தவளின் முகத்தில் டோலோரஸ் பஸ் கதவைச் சாத்தியதில்தான் பழக்கமே ஆரம்பம் என்பது மாரிவிக் சொல்லும் சரித்திரம். கதவு தானாக மூடிக்கொண்டது என்பது டோலோரஸ் தரப்பு. இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

மாரிவிக் பெட்டி படுக்கையோடு டோலோரஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று, கீழ்த்தளத்து யெல்கா வாசலில் கம்பளத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். புகையிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கட்டடத்தை மேற்பார்வை பார்க்கிறாள். இதற்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் லீவு எடுப்பதில்லை.

"யாருடி இது?" என்றாள் யெல்கா.

டோலோரஸ் ஒரு கையில் மாரிவிக்கின் பெட்டியையும் மறு கையில் அவளுடைய ரைஸ் குக்கரையும் பிடித்திருந்தாள். அந்த நிலையில் மனுஷிக்கு யோசிக்க வருமா? "வாடகைக்கு வந்திருக்கா, யெல்காக்கா" என்றாள்.

முடிந்தது. அன்றிலிருந்து மாரிவிக் அந்தக் கட்டடத்தின் வாடகைக்காரி.

அங்கே யாரும் முட்டாள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடியில் காய்கிற இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதை யெல்கா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். நாலாம் மாடி எஜிடியோ, கப்பலில் உலகத்தைச் சுற்றியவர், கட்டடத்துக் குடியிருப்பவர்களுக்கு இப்போதைய பிரதிநிதி; அவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஆனால் டோலோரஸ் வாடகைக்காரி என்று சொல்லிவிட்டாள். அவளாகச் சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பொய்யைத் தன் வீட்டுக் கண்ணாடிக் கோப்பை மாதிரிக் கீறல் விழாமல் காப்பாற்றுவது அந்த ஊரின் மரியாதை.

ஈஸ்டருக்கு யெல்கா இனிப்பு ரொட்டி கொடுத்தனுப்பினால், "உனக்கொரு துண்டு, உன் வாடகைக்காரிக்கொரு துண்டு" என்று ஒரே தட்டில் வைத்துக் கொடுப்பாள். மேலே சண்டை நடந்து இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினால், "என்ன, வாடகைக்காரி பேச மாட்டேங்கிறாளா? ஏதாவது வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ணு" என்பாள். எந்த வீட்டுக்காரி வாடகைக்காரியைச் சமாதானம் பண்ணியிருக்கிறாள் என்று யெல்காவோ டோலோரஸோ யோசித்ததாகத் தெரியவில்லை.

டோலோரஸ் இருட்டு விலகுமுன்பே பணிமனைக்குக் கிளம்புகிறவள். போகும்போது காப்பி தெர்மாஸை மறந்துவிடுவாள். தினமும் மறப்பாள். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் மறப்பவளை ஞாபகசக்தி இல்லாதவள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பஸ் வீட்டுக்குக் கீழேயுள்ள நிறுத்தத்துக்கு வரும்போது, மாரிவிக் குளியல் அங்கிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு மஞ்சள் மூடி தெர்மாஸோடு நிற்பாள். முன் கதவு திறக்கும். படியில் ஏறித் தெர்மாஸைக் கொடுப்பாள், டோலோரஸின் காலரைச் சரி பண்ணுவாள், ஏதோ சொல்வாள், டோலோரஸ் ஏதோ சொல்வாள், திரும்பவும் காலரைச் சரி பண்ணுவாள். அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்கிற ஜனங்கள் வாட்சைப் பார்ப்பார்கள்.

இப்படியே போயிருக்கும். ஹோட்டல் கைமாறியது. புது முதலாளி பழைய ஆட்களின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்றார்.

மாரிவிக் அன்று சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே, "ஹோட்டல்காரன் வேணாங்கிறான். நீ வெச்சுக்கிறியா?" என்றாள்.

"வாடகைக்கா?"

பூண்டு ஒன்று பறந்து வந்து டோலோரஸின் நெற்றியில் பட்டது. அதுதான் நிச்சயதார்த்தம்.

அந்த நாட்டுச் சட்டத்துக்கும் டோலோரஸைப் போலவே கொஞ்சம் கூச்ச சுபாவம். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் என்று வாய் திறந்து சொல்லாது. 'வாழ்க்கைத் துணை' என்று பதிவு செய்துகொள்ளும். மற்றபடி உரிமையெல்லாம் உண்டு, துணைக்கு விசாவும் உண்டு. பணிமனை லிவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டான். வறுத்த கணவாயும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். கட்டடத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

போலீஸின் வெளிநாட்டவர் பிரிவில் விண்ணப்பம் கொடுத்தபோது கவுன்ட்டர் அம்மாள் எச்சரித்தே அனுப்பினாள்: "நிஜமாவே ஒண்ணா வாழறீங்களான்னு வீட்டுக்கு ஆள் வந்து பாக்கும். அக்கம்பக்கத்துலயும் கேக்கும். எப்போன்னு சொல்ல மாட்டோம்."

"யெல்காக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று மாரிவிக் தினமும் கேட்டாள்.

"நாளைக்கு" என்று டோலோரஸ் தினமும் சொன்னாள்.

ஒரு மத்தியானம் டோலோரஸ் வேலை முடிந்து வந்தபோது யெல்கா வாசலிலேயே காத்திருந்தாள். முகம் பளபளவென்று இருந்தது.

"போலீஸ் வந்தாண்டி!"

டோலோரஸ் மூன்றாம் மாடிக்கு ஓடப் பார்த்தாள்.

"பயப்படாத. காட்டிக் குடுப்போமா நாங்க? திஹோமிர்னு ஒரு பையன். உயரமா இருந்தான், மூஞ்சியில சிரிப்பே இல்ல. பஸ் லேட்டுன்னு எங்கிட்டயே குறை சொல்லிக்கிட்டு உள்ள வந்தான். 'மூணாம் மாடியில ரெண்டு பேரும் துணைகளா இருக்காங்களாமே'ன்னான். விட்டேன் பாரு ஒரு பார்வை. 'தம்பி, டோலோரஸ் கௌரவமான பொம்பளை. அந்தப் பொண்ணு வாடகைக்கு இருக்கு. தனி அறை, தனி அலமாரி. ஒண்ணாந்தேதி ஆனா வாடகை டாண்ணு வந்துடும்'னேன்."

"யெல்காக்கா..."

"இரு, எஜிடியோ சொன்னதைக் கேளு!"

எஜிடியோ பெயரைக் கேட்டவுடன் படியில் இறங்கி வந்தார். இதற்காகவே கதவைத் திறந்து வைத்திருந்தார் போலிருக்கிறது. "வெறும் மறுப்பு நிக்காது டோலோரஸ். நம்பும்படியா ஒரு விவரம் வேணும். அதனால, மாரிவிக்குக்கு ஊர்ல நிச்சயம் ஆயிடுச்சு, மாப்பிள்ளை கப்பல்ல ரெண்டாம் எஞ்சினீயர், கிறிஸ்மஸுக்கு வர்றார்னு சொல்லிட்டேன். பேரு ரொட்ரிகோ."

"அவன் எழுதிக்கிட்டானா?"

"வரி விடாம!" என்றார் எஜிடியோ பெருமையாக.

"உனக்கும் பணிமனை லிவியோவுக்கும் ஏதோ இருக்குன்னு லேசா தூவி விட்டேன்" என்றாள் யெல்கா. "நன்றியெல்லாம் வேணாம்."

டோலோரஸ் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். தன்னைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் நிற்கிற இரண்டு முகங்களைப் பார்த்தாள். "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மாரிவிக் முழுக்கக் கேட்டாள். சிரிக்கப் போகிறாளா, கரண்டியை எடுக்கப் போகிறாளா என்று டோலோரஸுக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொன்ன?"

"ரெண்டாம் எஞ்சினீயர்."

"உன்னைவிட நல்ல வேலை." அடுப்பை அணைத்தாள். அதற்குப் பிறகு குரல் மாறியது. "டோலோரஸ், இது போலிக் கல்யாணம்னு அவன் எழுதிட்டா நான் போகணும். திரும்பி வர விடுவாங்களான்னும் தெரியாது. நான் இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தேன். நீ மூணு மாடி இறங்கி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிற."

மறுநாள் காலையில் நிறுத்தத்தில் தெர்மாஸ் வந்தது. காலரைச் சரி பண்ணும் கை வரவில்லை. பஸ் அன்றும் அடுத்த நாட்களிலும் எல்லா நிறுத்தங்களுக்கும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டோலோரஸுக்கு அது அவமானமாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்துத் திஹோமிர் மறுபடி வந்தபோது டோலோரஸ் கீழே தபால்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் பையைத் திறப்பதற்குள் யெல்கா கதவு திறந்தது. எஜிடியோவின் செருப்புச் சத்தம் மேலிருந்து இறங்கியது.

"மேடம், போன தடவை விசாரிச்சதுல நீங்க ரெண்டு பேரும் குடும்பமா இருக்கறதா இந்தக் கட்டடத்துல யாருமே சொல்லல" என்றான்.

"இருந்தாத்தானே சொல்றதுக்கு!" என்றாள் யெல்கா.

"யெல்காக்கா, கொஞ்சம் சும்மா இருங்க." டோலோரஸ் தபால்பெட்டியின் சாவியைக் கையில் திருகினாள். "சார்... அது வந்து... அவ என் பொண்டாட்டி."

பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி வந்தது குரல்.

"பாத்தீங்களா, பிள்ளையை எப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்கீங்கன்னு!" யெல்கா குறுக்கே வந்து நின்றாள். "எதை வேணாலும் ஒத்துக்கற நிலைமைக்கு வந்துட்டா. டோலோரஸ், தைரியமா இரு, நாங்க இருக்கோம்."

"மிரட்டி வாங்கின வாக்குமூலம் செல்லாது" என்றார் எஜிடியோ. "ரொட்ரிகோ கிறிஸ்மஸுக்கு வரும்போது நேர்ல கேட்டுக்கங்க."

"அக்கா, நிஜமாத்தான் சொல்றேன்."

"அப்படித்தாண்டி சொல்லச் சொல்லியிருப்பான்!"

திஹோமிர் பேனாவை எடுத்தான்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் டோலோரஸுக்கு எங்கிருந்தோ இரண்டாம் நம்பர் பஸ்ஸின் குரல் வந்தது.

"இவ என் பொண்டாட்டி! வாடகைக்காரி இல்ல! ஒரு மாசம் ஒரு காசு வாடகை வாங்கினதில்ல! ரொட்ரிகோவும் இல்ல, லிவியோவும் இல்ல! மூணு வருஷமா உங்ககிட்ட பொய் சொன்னேன், எனக்குத்தான் வாய் வரல. என் பொண்டாட்டி! போதுமா?"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. முதல் மாடியில் ஒரு கதவு திறந்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மூடியது.

யெல்கா மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். "அப்போ," என்றாள், "சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்று சொன்ன அடுத்த நொடியே டோலோரஸ் வருத்தப்பட்டாள்.

மூன்று வருஷம் அடக்கி வைத்திருந்ததை யெல்கா அவிழ்த்துவிட்டாள். ஒற்றை விரிப்பு. சனிக்கிழமை காலைச் சண்டை. பால்கனியில் காய்கிற கருவாடு, அதன் நாற்றம், அதற்கு டோலோரஸ் ஜன்னலைச் சாத்துவது, மாரிவிக் ஜன்னலைத் திறப்பது. மாரிவிக்குக்குக் காய்ச்சல் வந்தபோது டோலோரஸ் சூப்பு வைக்கத் தெரியாமல் தன்னிடம் ஓடி வந்து அழுதது. "வாடகைக்காரிக்குக் காய்ச்சல் வந்தா யாராவது அழுவாங்களா தம்பி? எனக்கு அன்னிக்கே கேக்கணும்னு இருந்துச்சு, கேக்கல. தினம் காலையில அந்தத் தெர்மாஸ் கூத்து வேற. பஸ்ஸை நிறுத்தி வெச்சுக்கிட்டு காலரைத் தடவறதும்..."

திஹோமிரின் பேனா நின்றது. "தெர்மாஸா? மஞ்சள் மூடியா?"

யெல்கா தலையாட்டினாள்.

"நான் அந்த பஸ்லதான் வேலைக்குப் போறேன்" என்றான். "அடுத்த நிறுத்தத்துல ஏறுவேன். டிரைவர் முகத்தை யார் பாக்கறா, ஆனா ஏறின உடனே மடியில மஞ்சள் மூடித் தெர்மாஸ் இருக்கும். இவ்வளவு நாளா லேட் ஆனதுக்குக் காரணம் இதுதானா!"

டோலோரஸ் காதுவரை சிவந்தாள்.

"இந்த நாலஞ்சு நாளா சரியான நேரத்துக்கு வருதே" என்றான் அவன்.

"அது சண்டை" என்றாள் டோலோரஸ், தரையைப் பார்த்து.

அவன் எதையோ எழுதினான். எழுதும்போது முதன்முறையாக அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று யெல்கா சத்தியம் பண்ணுகிறாள். "போன தடவை எல்லாரும் ஏன் பொய் சொன்னீங்க?" என்றான்.

"நாங்க எங்க பொய் சொன்னோம்?" யெல்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ சொன்னதைச் சொன்னோம்."

எஜிடியோ தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்த ரொட்ரிகோ... அவர் பேரை அடிச்சுட முடியுமா? நல்ல பையன்தான். ஆனா சந்தர்ப்பம் சரியா அமையல."

அப்போதுதான் மாரிவிக் இரண்டு கைகளிலும் கறிகாய்ப் பையோடு வாசலில் நுழைந்தாள். போலீஸ்காரனைப் பார்த்தாள், படியில் உட்கார்ந்திருந்த யெல்காவைப் பார்த்தாள், டோலோரஸின் சிவந்த முகத்தைப் பார்த்தாள். பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"கல்யாணம் ஆச்சுடி உனக்கு" என்றாள் யெல்கா. "இப்போதான். ஊருக்கே கேட்டுச்சு."

மாரிவிக் கறிகாய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, வந்து டோலோரஸின் காலரைச் சரி பண்ணினாள். திஹோமிர் வாட்சைப் பார்த்தான், பழக்க தோஷம்.

புரா காற்று தொடங்கிய வாரத்தில் மாரிவிக்கின் வசிப்பு அனுமதி அட்டை வந்தது. கீழே அழைப்பு மணிப் பலகையில் மூன்றாம் மாடிக்கு நேராக இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. யெல்காவுக்கு மட்டும் நாக்கு இன்னும் திருந்தவில்லை. "உன் வாடகைக்காரி எங்கடி?" என்பாள். "வாடகை பாக்கி, ஒளிஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்று மாரிவிக் மேலிருந்து குரல் கொடுப்பாள்.

அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்றே யெல்கா விஷயத்தைப் பிடித்துவிட்டாள். "இதுல ஒரு வருஷம்னுதானே போட்டிருக்கு? அந்தப் பையன் மறுபடி வருவானா?"

"வரலாம், அக்கா."

"வந்தா இந்தத் தடவை என்ன சொல்லணும்?"

"உண்மையைச் சொல்லுங்க. போதும்."

யெல்கா எஜிடியோவைப் பார்த்தாள். எஜிடியோ யெல்காவைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

"வெறும் உண்மையையா?" என்றார் எஜிடியோ.