கல்யாணப் புடவையும் மடிப்பேன்

போன சனிக்கிழமை காலை. ஃபேரர் பார்க்கில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் வசந்தியின் சின்ன மாடி அறை. மகளின் முகூர்த்தப் புடவையை மடிக்கக் கொடுத்திருந்த ஒரு அம்மா, அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். புடவையில் பாதி வேலை முடிந்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்லைம்மா” என்றார் அவர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார். “மாப்பிள்ளை வீட்டுல உங்க வீடியோவப் பாத்துட்டாங்க. அங்க பெரியவங்க ஒரு மாதிரி ஃபீல் பண்றாங்க லா. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பா எடுத்துக்காதீங்க! இதைச் சொல்லிவிட்டால் போதும்... நம் ஆட்கள் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

வசந்தி பதிலுக்கு ஒன்றுதான் கேட்டாள். “பின்னெல்லாம் எடுத்துடவா, இப்படியே தரவா?”

“எடுத்துடுங்க.”

ஒவ்வொரு பின்னாக எடுத்தாள். கிளிப்புகளைக் கழற்றினாள். கொசுவத்தை உதறி, புடவையைச் சாதாரணமாக மடித்து, பையில் வைத்துக் கொடுத்தாள். முன்பணத்தையும் மேலேயே வைத்தாள். அந்த அம்மா பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் மூலையில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீடியோ எடுக்கத்தான் போயிருந்தேன். ஏனென்றால்... அந்த முதல் வீடியோவே என் யோசனைதான்!

வசந்தி என் பள்ளித் தோழி. சாங்கி விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு இப்போது புடவை மடிக்கிறாள். புரியாதவர்களுக்கு ஒரு வரி: உங்கள் இடுப்பளவு, உயரம் எல்லாம் எடுத்து, கொசுவமும் முந்தானையும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி, பெட்டிபோல் மடித்துக் கொடுத்துவிடுவாள். நீங்கள் எடுத்துச் சுற்றிக்கொண்டால் போதும், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். மணமேடையிலிருந்து எழுந்து ஓடிப்போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வரவேண்டிய மணப்பெண்களுக்கு இது பெரிய வரம்.

வேலையில் ராட்சசி. ஜரிகைமேல் நேரடியாக இஸ்திரி படவிடமாட்டாள், பருத்தித் துணி விரித்துத்தான் தேய்ப்பாள். கார்கோ பழக்கம் போகுமா? ஒவ்வொரு புடவைக்கும் ஒரு அட்டை. பெயர், உயரம், இடுப்பளவு, போடப்போகும் ஹீல்ஸ் எத்தனை அங்குலம்... எல்லாம் எழுதிச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிடுவாள். “செருப்பு தெரியாம புடவை மடிச்சா, முன்னாடி தூக்கிக்கும்டி” என்பாள்.

ஆனால் வாடிக்கையாளர்கள் வரவேண்டுமே! அவளும் வீடியோ போட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெறும் இரண்டு கைகள், ஒரு இஸ்திரிப் பெட்டி, பின்னால் ஏதோ பாட்டு. அதை நான் பார்ப்பேன், என் கணவர் பார்ப்பார், அவள் தங்கை பார்ப்பாள். அதற்குமேல் கதை நகரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் மார்க்கெட்டிங் நிபுணராக ஆனேன். எப்படி என்கிறீர்களா? இரண்டு மணி நேர இலவச ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அதிலும் அரை மணி நேரம் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒன்று மட்டும் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது – முகத்தைக் காட்டுங்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள், மக்கள் மனிதர்களைப் பார்த்துத்தான் வருவார்கள்.

வசந்தியைப் பிடித்து உட்காரவைத்தேன். மைலோ டின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தேன். “பேசு” என்றேன்.

“என்னத்தப் பேச?”

“எப்படி ஆரம்பிச்சேன்னு சொல்லு. உண்மையச் சொல்லு.”

சொன்னாள். இஸ்திரி போட்டுக்கொண்டே, கேமராவைப் பார்க்காமலே சொன்னாள். “எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுனாரு. யூனிஃபார்ம் சட்டைக் கையில கோடு கத்தி மாதிரி நிக்கணும் அவருக்கு. தினமும் நான்தான் போட்டுக் குடுப்பேன். அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. அப்புறம் அயர்ன் பாக்ஸ் சும்மாவே இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒரு டின்னருக்குன்னு புடவை கொண்டுவந்து, ‘ஆன்ட்டி, மடிச்சுத் தரீங்களா’ன்னு கேட்டுச்சு. சூடு பண்ணேன். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு.”

அவ்வளவுதான். அதை அப்படியே போட்டோம்.

அடேயப்பா! இதயங்கள் பறந்தன. கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசைகட்டி நின்றன. ‘அக்கா, யூ ஆர் மை இன்ஸ்பிரேஷன்’ என்றார்கள். ஆர்டர்களும் வந்தன. வசந்தி இன்னொரு மேசை வாங்கிப் போட்டாள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். வீட்டில் கணவரிடம், “ஏதாவது பிசினஸ் ஐடியா வேணும்னா கேளுங்க” என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

அந்த இதயங்களுக்கு நடுவில் ஒரு கமெண்ட் இருந்தது. ‘நல்ல காரியத்துக்குக் கட்டுற புடவையை இவங்ககிட்டயா குடுப்பீங்க?’ நான் பார்த்தேன். வசந்தி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்பே பார்த்துவிட்டாளாம், சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா படியேறி வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கணவன் இறந்ததைச் சொன்னதற்கு இதயம் போட்டவர்கள்தானே எல்லோரும்? திரையில் அழுவதற்குக் கட்டைவிரல் போதும். கையில் புடவையைக் கொடு என்றால் மட்டும் பெரியவர்கள் ஒரு மாதிரி ஃபீல் பண்ணுகிறார்கள்! அதுவும் எந்தப் பெரியவர்கள்? யார் வீட்டிலும் நேரில் கண்டுபிடிக்க முடியாத பெரியவர்கள். எப்போதும் அந்தப் பக்கத்து வீட்டில்தான் இருப்பார்கள். இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியுமா, பிடித்திருக்கும் கைக்குச் சொந்தக்காரியின் கணவர் இருக்கிறாரா இல்லையா என்று?

இவ்வளவு வீரமும் மனதுக்குள்தான். வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

“வசந்தி... ஒண்ணு சொல்லட்டா? அந்த வீடியோவ எடுத்துடலாம். இல்லன்னா, அவரைப் பத்திப் பேசுற இடத்த மட்டும் வெட்டிட்டு மறுபடி போடலாம். வியாபாரம்னு வந்துட்டா கொஞ்சம் பாத்துத்தானே போகணும்?”

வசந்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“எதை வெட்டுவ? அவர் செத்ததையா, நான் உயிரோட இருக்கிறதையா?”

அவள் விடவில்லை.

“அந்தம்மா மேல எனக்குக் கோவமே இல்ல. படியேறி வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனாங்க. ஒண்ணு கேக்குறேன். உன் பொண்ணு புடவை எங்கடி?”

சுவரைப் பார்த்தேன். கொக்கியில் என் மகளின் பெயர் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உயரம் எழுதியிருந்தது. இடுப்பளவு எழுதியிருந்தது. ஹீல்ஸ் இடம் மட்டும் காலி. கீழே புடவை இல்லை.

அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டில் எடுத்தது. பிளவுஸ் தைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். வசந்தி ஒருமுறை கேட்டாள், “பிளவுஸ் இன்னும் வரலை” என்றேன். இரண்டாவது முறையும் அதையே சொன்னேன். பிளவுஸ் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. புடவையும் பிளவுஸும் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில், என் அலமாரியில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

ஏன் கொடுக்கவில்லை? எனக்கு ஒண்ணும் இல்லை... சம்பந்தி வீட்டில் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று...

அதேதான். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்! இந்தப் பத்தியில் ஊர் உலகத்துக்கு வாராவாரம் புத்தி சொல்கிறவள், தோழியின் சோகத்தை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் போட்டவள், தன் வீட்டுப் புடவையை மட்டும் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

“தெரியும்” என்றாள் வசந்தி. “தையல்காரரும் என் கஸ்டமர்தான்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைலோ டின்னை மேசைமேல் வைத்தாள். “போனை வை. வீடியோ எடுக்கத்தானே வந்த? எடு.”

இந்த முறை கேமராவை நேராகப் பார்த்தாள். இஸ்திரி இல்லை, பாட்டும் இல்லை.

“வணக்கம். நான் வசந்தி. ஃபேரர் பார்க்ல புடவை மடிக்கிறேன். கல்யாணப் புடவையும் மடிப்பேன். எங்க வீட்டுக்காரர் இப்ப இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க வாங்க, மத்தவங்க வேற இடம் பாத்துக்கலாம். வரும்போது மறக்காம ஹீல்ஸ் கொண்டு வாங்க.”

“இன்னொரு டேக் எடுக்கலாமா?” என்று கேட்டேன், நிபுணர் அல்லவா!

“ஒண்ணு போதும்.”

போட்டோம். அதன் பிறகு என்ன ஆயிற்று? சினிமாவாக இருந்தால் மறுநாள் வாசலில் கூட்டம் நின்றிருக்கும். இது ஃபேரர் பார்க். இன்னும் இரண்டு பேர் மெசேஜ் அனுப்பிக் கல்யாண ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அதிலும் ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார், மரியாதை! புதன்கிழமை ஒரு பெண் படியேறி வந்தாள். ஒரு கையில் கூறைப்புடவை, இன்னொரு கையில் ஹீல்ஸ். “அக்கா, வீடியோல சொன்னீங்கல்ல” என்று செருப்பைத்தான் முதலில் நீட்டினாளாம். வசந்தி போனில் இதைச் சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது மேசைக்கு வேலை இருக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்த வீடியோ அங்கேயேதான் இருக்கிறது. முதல் வீடியோவும்தான், ஒரு வரிகூட வெட்டாமல்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியைத் திறந்தேன். மகள் பின்னாலேயே வந்தாள். “அப்பாடா! ஆன்ட்டிகிட்ட எப்பதான் குடுப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஹீல்ஸையும் எடுத்துட்டுப் போங்கம்மா, த்ரீ இன்ச்.” அந்த ஹீல்ஸ் எத்தனை நாளாகவோ பையில் கட்டி வாசலில் தயாராக இருந்திருக்கிறது.

கணவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “சம்பந்தியம்மாகிட்ட யார் சொல்றது? பத்தியில காட்டுற தைரியம் போன்ல வருமா உனக்கு?”

வரவில்லை. மூன்று முறை எண்ணை எடுத்தேன், மூன்று முறையும் மூடிவைத்தேன். பிறகுதான் தோன்றியது – வசந்திக்கு மைலோ டின் இருந்தால் எனக்கு இந்தப் பத்தி இருக்கிறதே! எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். “எழுது. பேரையும் போடு. கடைக்கு விளம்பரம் லா” என்றாள்.

எனவே, சம்பந்தியம்மா... இந்தப் பத்தியை வாராவாரம் முதல் ஆளாகப் படிப்பதாக நிச்சயதார்த்தத்தன்று சொன்னீர்கள். நீங்கள் ஆசையாக எடுத்துக்கொடுத்த அந்த அரக்குப் புடவை வசந்தியிடம் இருக்கிறது. அவள்தான் மடிக்கிறாள். கல்யாணத்தன்று முன்வரிசையிலும் உட்காருவாள். மண்டபத்தில் பெரியவர்கள் யாராவது ஒரு மாதிரி ஃபீல் பண்ணினால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்வதென்றால்... தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்!