வைத்தவனே திறக்க வேண்டிய பெட்டி

ஹூஸ்டனில் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட்டில் மளிகை வாங்கப் போனால் என் மகனைப் பற்றி யாராவது விசாரிக்காமல் விடமாட்டார்கள். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருக்கிறான் என்றால் முகம் வாடும். பேண்டில் வாசிக்கிறான் என்றதும் மலர்ந்துவிடும். "பேண்ட் தானே, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் பொறுக்கப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேண்ட் என்றால் கல்யாண ஊர்வலம் என்று நினைப்பு.

என் அப்பா இந்திய ராணுவத்தில் பைப்பர். பைக்குள் காற்றை ஊதி நிரப்பி, அதைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தி வாசிக்கும் அந்த ஸ்காட்லாந்து வாத்தியத்தை வெள்ளைக்காரன் விட்டுப் போனான். நம் பட்டாளங்கள் விடாமல் பிடித்துக்கொண்டன. அணிவகுப்பு என்றால் அப்பா முன்வரிசை. போர் வந்தால் பேண்டுக்காரர்களுக்கு வேறு வேலை. பைப்பைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டும். எல்லோரும் பதுங்கும் நேரத்தில் எழுந்து ஓடி, அடிபட்டவனைச் சுமந்து வர வேண்டும். அப்பாவின் இடது தோள், பைப்பின் குழல்கள் சாய்ந்து சாய்ந்து கறுத்திருந்தது. அது வாத்தியம் தந்தது. இரண்டு தோள்களிலும் இருந்த தழும்புகள் ஸ்ட்ரெச்சர் வார் அறுத்தவை.

போருக்குக் கிளம்பும்போது "பேண்ட் வாசிக்கத்தான் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா நம்பிவிட்டாள்.

அவர்கள் பட்டாளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போருக்கு முன் மூடிய பெட்டியை, மூடியவன்தான் திரும்பி வந்து திறக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. திறக்க ஆள் வராத பெட்டிகளை என்ன செய்தார்கள் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

நான் ஊதக் கற்றது ஹூஸ்டனுக்கு வந்த பிறகு. இங்கே ஒரு பைப் பேண்டில், நெற்றியில் பொட்டும் இடுப்பில் கட்டம் போட்ட கில்ட் பாவாடையுமாக நிற்பது நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்று கணவர் இன்றைக்கும் கேலி செய்வார். வீட்டில் கேட்டுக் கேட்டே மகனும் பிடித்துக்கொண்டான். அதுவே அவனை ராணுவ பேண்டு வரை கொண்டுபோனது.

இந்த வருடம் டிவியில் மறுபடியும் போர் வரைபடமும் அம்புக்குறியும் வரத் தொடங்கியதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. குளிக்கப் போனாலும் போன் கூடவே வந்தது. தெரியாத நம்பர் என்றாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். விளம்பர அழைப்பு என்று தெரிந்த பிறகு, அந்த விற்பனைக்காரனுக்கு மனசுக்குள் நன்றி சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் மகன் வந்து நின்றான். கையில் பைப் பெட்டி. ரூம் மாற்றுகிறானாம், கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டுமாம். எல்லாம் இங்கிலீஷில்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான், அதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. பெட்டியை ஹாலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

இவன் ஊதி முடித்தால் பையைத் துடைக்கமாட்டான், ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் துப்புரவாக இருந்தது. குழல்கள் மூட்டு மூட்டாகக் கழற்றப்பட்டிருந்தன. ஒலி எழுப்பும் ரீடுகளை எடுத்துத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தான். அடுத்த வாரம் வாசிக்கப் போகிறவன் இப்படிப் பிரித்து வைக்கமாட்டான். இது நீண்ட நாளைக்கு மூடிய பெட்டி.

அதில் நான் கை வைத்துவிட்டேன். பட்டென்று மூடினேன். மூடியும் மனசு ஆறவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் ஒரே வார்த்தைதான் கேட்டேன்.

"ஸ்ட்ரெச்சரா?"

பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தமிழில் பேசினான். "ஆமாம்மா. அடிபட்டவங்கள தூக்குற டீம்ல போட்டிருக்காங்க. அடுத்த வாரம் கிளம்புறோம். அப்பாகிட்ட பேண்ட் டூர்னு சொல்லியிருக்கேன். அவருக்கு ஹார்ட் ப்ராப்ளம் இருக்கு, சொல்லிடாத."

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவன் மேலா, என் அப்பா மேலா, முருங்கைக்காய் பொறுக்கியவர்கள் மேலா என்று தெரியாத கோபம். பெட்டியை அவன் முன்னால் தள்ளித் திறந்தேன்.

"நீயே மூடு" என்றேன். "நீயே வந்து திறக்கணும். நான் தொடமாட்டேன்."

ஏன் என்று கேட்கவில்லை. தாத்தாவின் கதை அவனுக்கும் தெரியும். குனிந்து, மெதுவாக மூடினான். நனைந்த பனியன் ஒட்டியிருந்த அவன் தோள்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

பெட்டி இப்போது கோட் மாட்டும் அலமாரியில் இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது செய்தியில் புகை தெரிந்தது. கணவர் சத்தத்தைக் குறைத்தார்.

"நல்லவேளை, நம்ம பையன் பேண்ட்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க, பேண்ட் தானே" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன்.

அவர் நம்பிவிட்டார்.