ஐந்தாவது நோட்டு

இடது கையின் ஆள்காட்டி விரல் பழைய நோட்டில் ஒரு வரியின் கீழே நிற்கிறது. உதடு அந்த வரியைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிறது. பிறகுதான் வலது கை புது நோட்டில் அதை எழுதுகிறது: சொல் தமிழ், எழுத்து தெலுங்கு. அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பு வந்தால் தாளையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

கொண்டாப்பூர் புத்தகக் கடையின் மாடியில், குழந்தைகள் புத்தகங்களுக்கு நடுவே ஒரு மேசையில் இந்த வேலை நடக்கிறது. அங்கே சனிக்கிழமைகளில் கவிதை வாசிப்பார்கள், கிட்டார் வாசிப்பார்கள். இந்த முறை ஒரு தமிழ் நாடகம். நடிப்பவர்கள் ஹைதராபாத்தில் படித்து வளர்ந்த ஐ.டி. பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் கற்றது தெலுங்கு எழுத்து. ஐந்து பாத்திரங்களுக்கு ஐந்து நோட்டு எழுதித்தர மெட்டுகுடாவிலிருந்து மெட்ரோ ஏறி வருகிறார் எலிசபெத்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வருஷா வருஷம் போட்ட தமிழ் நாடகங்களுக்கு, சைடு திரைக்குப் பின்னால் நின்று இருபத்திரண்டு வருஷம் வசனம் எடுத்துக் கொடுத்தவர் அவர். ரயில்வே காலனிப் பெண்கள் மேடை ஏறக்கூடாது. திரைக்குப் பின்னால் நிற்பதை யாரும் தடுக்கவில்லை. நடிகை மெட்ராஸிலிருந்து ரயிலில் வருவாள். ஃபிட்டர் பத்மநாபன் எழுதிய இதே நாடகத்தில், பிளாட்பாரத்தில் டீ விற்கும் அன்னம்மாவாக வந்தவளுக்கு மூன்றாவது காட்சி முழுக்க மறந்துபோனது. எலிசபெத் வரிக்கு வரி சொன்னார், அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். கைதட்டல் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அதற்குப் பிறகு சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தக் காட்சியை வாய்க்குள்ளேயே பேசிப் பார்ப்பார். யாரிடமும் சொன்னதில்லை.

பத்மநாபனின் பேரன் சுதர்சன்தான் இப்போது நாடகத்தை இயக்குகிறான். அன்னம்மாவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"சுபாஸ்ரீ பண்ணட்டும். தலையில பவுடர் போட்டா வயசாயிடும்," என்றான்.

"நக்கோப்பா, வேண்டாம்," என்றாள் சுபாஸ்ரீ. "எனக்கு டீயே போடத் தெரியாது."

"அப்போ நான் புடவை கட்டிக்கறேன்," என்றான் நிகில்.

"ஹவ், கட்டிக்கோ, இந்தத் தாடியோட! எங்க தாத்தா எழுந்து வந்து உதைப்பார்," என்றான் சுதர்சன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுதர்சனின் பார்வை ஒவ்வொரு முகமாகச் சுற்றி வந்தது. எலிசபெத் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வை அவரிடம் வந்து நின்றது.

"ஆன்ட்டி, உங்க ஏரியால யாராவது இருந்தா சொல்லுங்களேன். அறுபது வயசு இருக்கணும், தமிழ் நல்லா பேசணும்."

"பார்க்கிறேன்ப்பா."

அடுத்த மூன்று சனிக்கிழமையும் "கிடைச்சாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான். "இன்னும் இல்லப்பா" என்றார். திரும்பும் மெட்ரோவில் மூன்றாவது காட்சி வாய்க்குள் ஓடும். ஸ்டேஷன் அறிவிப்பு வந்தால் நிறுத்துவார். கதவு மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

நான்காவது சனிக்கிழமை நான்கு பேருக்கு நான்கு நோட்டுகளைக் கொடுத்துவிட்டு, ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னம்மா கிடைச்சாச்சா?" என்றான் சுதர்சன்.

"கிடைச்சாச்சு."

"அப்போ இந்த நோட்டை அவங்களுக்குக் கொடுத்துடலாமே."

"அவளுக்கு நோட்டு வேண்டாம். முப்பது வருஷமா மனப்பாடம்." மடியிலிருந்த நோட்டைக் கையில் எடுத்தார். "இது உனக்கு. சைடுல நின்னு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும்ல? நான் மேடையில நிக்கும்போது அங்க யார் நிப்பா?"

சுதர்சன் நோட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "ஆன்ட்டி, நீங்களா?"

"சிவப்புக் கோடு போட்ட இடத்துல நான் வேணும்னேதான் பேசாம நிப்பேன். மறந்துட்டேன்னு நினைச்சு அவசரப்பட்டுடாத," என்று நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.