நான் எடுத்துப்போட்ட ஆறாவது பக்கம்

எனக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றுவரை அது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

காரைக்குடி செக்காலையில் ஒரு கட்டட காண்ட்ராக்டர் ஆபீசில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கண்டனூர், நேமத்தான்பட்டி பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். ஒயரிங், குழாய், பெயிண்ட், ஏசி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சப்-காண்ட்ராக்டர் வருவார். புதிதாக வருகிறவரிடம் காகிதங்களை எல்லாம் வாங்கி ஃபைல் போட்ட பிறகுதான் சைட்டுக்குள் விட வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒருவர் ஆதார் கார்டைப் பாதி வெட்டுப்பட்ட போட்டோவாக வாட்ஸப்பில் அனுப்புவார். இன்னொருவருடைய பான் கார்டு மச்சினன் வீட்டு பீரோவில் இருக்கும். பாஸ்புக் கேட்டால் "இந்தா அனுப்புறேன் மேடம்" என்பார்கள், அந்த 'இந்தா' மூன்று வாரம் ஓடும். "நான் என்ன உங்ககிட்டப் பொண்ணா கேக்குறேன், ஒரு ஜெராக்ஸ்தானே கேக்குறேன்" என்று போனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒரு வழி செய்தேன். எங்கள் ஊரில் எந்த வேலைக்கும் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துத்தான் கையெழுத்து போடுவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து, முதலாளி அட்வான்ஸைக் கொடுக்க, வருகிறவர் ஒப்பந்தத்தின் மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்துவிட்டுக் கையெழுத்து போடுவார். மற்ற நாளில் கூப்பிட்டால் வராத ஆள்கூட அன்றைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார். சரி, எல்லாக் காகிதத்தையும் அந்த ஒரே அமர்வில் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் முன்பே பட்டியலை அனுப்பிவிடுவேன். ஜெராக்ஸை ஆபீசிலேயே எடுத்துக்கொள்ளலாம். நிரப்ப வேண்டியது மொத்தம் ஆறு பக்கம்.

ஆறாவது பக்கத்தில்தான் வண்டி நின்றது. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்று மேலே போட்டிருந்தேன். பெயர், உறவு, போன் நம்பர், இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரி. நாலே வரி. அதைப் பார்த்ததும் ஆளாளுக்கு முகம் சுருங்கியது. பெயிண்ட் வேலைக்கு வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் வருகிறேன் என்று எழுந்தே போய்விட்டார்.

பிறகு அந்தக் குழாய்க்காரர் வந்தார். கண்டனூர் வீட்டில் பதினான்கு பாத்ரூம் போடும் வேலை அவருக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். ஐந்து பக்கத்துக்கும் மூலையில் மஞ்சள் வைத்துக் கையெழுத்து போட்டார். ஆறாவது பக்கத்தைப் பார்த்ததும் மஞ்சள் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மேடம், இது என்னத்துக்கு?"

"ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியணும்லண்ணே."

"நல்ல நாளும் அதுவுமா இதையா கேக்குறீக? எந்நம்பரு இருக்குல்ல, அதுக்கே கூப்புடுங்க."

உங்களுக்கே ஒன்று ஆகிவிட்டால் உங்களையே எப்படிக் கூப்பிடுவது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து முறைத்தார். "விடும்மா, நேரம் போகுது" என்றார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. குழாய்க்காரர் அந்தத் தாளை மட்டும் தட்டிலிருந்து மெதுவாக எடுத்து என் பக்கம் தள்ளினார். "பொறவு ஒரு நாளைக்கு எழுதித் தாரேன் மேடம், கோவிச்சுக்காதீக" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியமே அந்தப் பக்கத்தை நான் எடுத்துப்போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன். அப்புறம் பாருங்கள், வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஐந்து பக்கம், அரை மணி நேரம், முழு ஃபைல். பெயிண்ட்காரரும் அடுத்த வாரமே வந்து கையெழுத்து போட்டார். "இப்பத்தாம்மா ஆபீசு ஆபீசு மாதிரி இருக்கு" என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

குழாய்க்காரர் வாரம் ஒருமுறை அளவுச் சீட்டு கொடுக்க வருவார். எனக்கு அவர் வைத்த பெயர் கறார் மேடம். "எல்லாப் பேப்பரும் இருக்கா மேடம், எதும் விட்டுப்போச்சா?" என்று வாசலிலேயே கேலியாகக் கேட்பார். "ஒண்ணும் விடலண்ணே, ஆபீசுலயே ஒங்க ஃபைலுதான் முழுசு" என்பேன். அந்தப் பக்கம் அவருக்கும் மறந்துபோயிற்று, எனக்கும் மறந்துபோயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கண்டனூரிலிருந்து சைட் சூப்பர்வைசர் போன் செய்தார். குழாயில் தண்ணீர் விட்டுச் சோதித்துக்கொண்டிருந்த குழாய்க்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே சாய்ந்துவிட்டாராம். காரில் ஏற்றிக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்களாம். சட்டைப் பையில் இருந்த அவருடைய போன் நனைந்து அணைந்துவிட்டதாம்.

"மேடம், அவுக வீட்டு நம்பரக் குடுங்க. சீக்கிரம்."

ஃபைலைப் பிரித்தேன். ஆதார் இருந்தது. பான் இருந்தது. பாஸ்புக் இருந்தது, அதில் வாரிசு பதிவு உண்டு என்று ஒரு வரி, யாரென்று இல்லை. ஆட்களுக்கான இன்சூரன்ஸ் இருந்தது. போன் நம்பர் என்று நாலு இடத்தில் இருந்தது, நாலும் அவருடைய நம்பர்தான். அவரிடம் வேலை பார்த்த இரண்டு பேரும் ஒடிசாக்காரர்கள், வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. குழாய் வாங்கும் கடைக்குப் போன் செய்தேன். அவர்களிடமும் அதே நம்பர். ஆதாரில் தேவகோட்டை முகவரி இருந்தது. டிரைவரை விரட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து அங்கிருந்து கூப்பிட்டான். வீட்டைக் காலி செய்து இரண்டு வருடம் ஆகிறது, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை என்றான். சூப்பர்வைசர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். "சொல்லிட்டீகளா மேடம்?" என்றார். "பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். ஒன்றரை மணிக்குக் குழாய்க்காரர் உயிர் போய்விட்டது.

நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சப்பை.

"அக்கா, கண்டனூருல குழாய் வேல பாக்குறாகள்ல, அவுக வீட்டுல நானு. மத்தியானத்துலருந்து போனே போகல. கறார் மேடம்னு ஒருத்தவுக இருக்காக, அவுகளக் கேட்டாத் தெரியும்னு வந்தேன்."

வீடு எங்கே என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. எங்கள் ஆபீசுக்குப் பின்னால் மூன்றாவது தெரு என்றார். நடந்தால் ஐந்து நிமிடம். காலையில் இட்லி மாவு வாங்க எங்கள் வாசல் வழியாகத்தான் போனாராம். ஐயோ, நான் தேவகோட்டைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் சேர்த்தேன். இப்போது அதுதான் முதல் பக்கம். தட்டை எடுத்து வைப்பதற்கு முன்னால் அதை நிரப்ப வேண்டும். முகம் சுளிக்கிறவர்களிடம் கத்துகிறேன். நேரம் போனால் போகட்டும் என்கிறேன். முதலாளியும் வாயைத் திறப்பதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த அம்மா வந்தார். பேங்கில் கொடுக்க வீட்டுக்காரருடைய காகிதங்களின் நகல் வேண்டும் என்றார். ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூலைகளில் குழாய்க்காரர் வைத்த மஞ்சள் காய்ந்துபோயிருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தன பேப்பரு இருக்கு. இதுல நா எங்கயுமே இல்லையேக்கா."

நடந்ததை எல்லாம் சொன்னேன். குழாய்க்காரர் அந்த ஆறாவது தாளை என் பக்கம் தள்ளியதை, நான் பேசாமல் இருந்ததை, அன்று மதியமே அதை எடுத்துப்போட்டதை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவுக அப்புடித்தான். சகுனம் பாப்பாக" என்றார். "நீங்க ஒரு வார்த்த வஞ்சிருந்தா எழுதியிருப்பாக. ஒங்களுக்குன்னா பயப்படுவாக."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினேன், முடியவில்லை. அவர் தாள்களை அடுக்கி மஞ்சப்பைக்குள் வைத்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"என்னயக் கேட்டாகளாக்கா?"

"கேட்டாக" என்றேன். "வீட்டுல சொல்லியாச்சான்னு கார்ல ஒரே ஒரு தடவ கேட்டாகளாம். அதுக்கப்புறம் பேச்சே வரலையாம்."

"என்ன சொன்னாக?"

"சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்காகன்னு சூப்பர்வைசர் சொன்னாராம். ஆபீசுல நம்பர் இருக்கும்னு நெனச்சுத்தான் சொன்னாரு."

அவர் வெகுநேரம் மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்ப நா வந்துருவேன்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்துருப்பாகள்ல?"

ஆமாம், அப்படித்தான் கிடந்தாராம். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினாராம். அதை மட்டும் நான் சொல்லவில்லை.