அண்ணன் குடித்த ஜெர்மனி

நான் வசிக்கும் அமெரிக்கச் சிற்றூரில் பீர்க்கடைக்குக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கடையின் பின்கட்டிலேயே காய்ச்சும் பீருக்கு கிராஃப்ட் பீர் என்று பெயர். முதல்முறை போனபோது கடைக்காரர் ஒரு வாய் ஊற்றித் தந்து, எப்படி இருக்கிறது என்றார். சிவகாசிக்காரனான என் கண் பீர் டப்பாவின் லேபிளில் இருந்தது. "பிரிண்டிங் நன்றாக இருக்கிறது" என்றேன். பீர் பிடிக்கவில்லை போலும் என்று அவர் வேறொன்றை ஊற்றத் தொடங்கிவிட்டார். நாளடைவில் அந்த முதல் பீர்தான் எனக்குப் பழகிப்போனது. போன முறை ஊருக்கு வந்தபோது அதில் நான்கு டப்பாக்களைத் துணிக்குள் சுருட்டி எடுத்துவந்தேன்.

எல்லாம் முருகேசன் அண்ணனுக்காக. பெரியப்பா மகன், லேபிள் அச்சடிக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். மெஷின் வாங்க ஒரே ஒரு மாதம் ஜெர்மனி போய் வந்தவர். நான் பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன். ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரும் ஜெர்மனிக் கதை கேட்க அவரைச் சுற்றித்தான் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். என்னிடம் எப்போது வந்தாய், எப்போது போகிறாய் என்பதோடு சரி. எனக்கு வயிறு எரிகிறது. சொல்ல வெட்கமில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த டப்பாவை அண்ணன் திறக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்த லென்ஸை எடுத்து லேபிள்மேல் வைத்துப் பார்த்தார்.

"செவப்பு மத்த கலரோட சேராம வெலகி நிக்கிது. லேபிளே ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன் பீரு என்னத்தலே காய்ச்சுவான்?"

இத்தனை நாள் என் கண்ணில் படாத பிசகு. அந்த எரிச்சலில், அவர் அங்கிருந்து கொண்டுவந்து பிரிட்ஜில் பத்திரப்படுத்தியிருந்த கடைசி ஜெர்மன் பீர் பாட்டிலையும் என் டப்பா ஒன்றையும் சமையலறையில் தனித்தனி கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன்.

"எது எதுன்னு சொல்லுங்கண்ணே."

முதல் கிளாஸை ஒரு வாய் குடித்துத் தள்ளிவைத்தார். "இதுதாம்லே உன் அமெரிக்கா. கசக்குது."

இரண்டாவதைக் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இது ஜெர்மனி. வேல முடிஞ்சதும் மரத்தடியில பெஞ்சப் போட்டு உக்காருவோம். எனக்குப் பாஷ தெரியாது. ஆனா அம்புட்டுப் பேரும் கிளாஸ ஒசத்தி என் பேரச் சொன்னாங்கலே."

இரண்டாவது கிளாஸில் இருந்தது என் டப்பா பீர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயித்துவிடுவேன். அண்ணனின் மனைவி எட்டிப் பார்த்து, "யாரு ஜெயிச்சீக?" என்றார்.

"அண்ணன்தான் மதினி."

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமைதான் முற்றிப்போயிருந்தது. என் பீரைக் குடித்துவிட்டு அவர் ஜெர்மனியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடத்தில் எனக்காக அமெரிக்காவில் ஒருவரும் கிளாஸை உயர்த்தியதில்லை. அண்ணன் கண்ணைத் திறப்பதற்குள் அவர் தள்ளிவைத்த கிளாஸை எடுத்துக் குடித்தேன். என் அமெரிக்க பீரைவிட அந்த ஜெர்மன் பீர்தான் ருசி. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.