இசக்கிசெல்வி விற்க மறுத்த எலும்பு

தம்பானூரிலிருந்து ஆரியசாலைக்குப் போகும் வழியில் ஒரு சந்து முனையில் இருக்கிறது அந்தச் செல்லப்பிராணிக் கடை. அங்கே வேலை கேட்டுப் போனபோது, நாயைக் குளிப்பாட்டத் தெரியுமா என்று மட்டும்தான் இசக்கிசெல்வியிடம் கேட்டார்கள். "ஆளையே குளிப்பாட்டியிருக்கேன்" என்றாள். அதுவரை வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவள்.

பணகுடியில் பிறந்து, சாரம் கட்டும் வன்னியராஜுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் வந்தவள். மலையாள எழுத்தைப் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பழகினாள். இங்கிலீஷைக் கடையிலிருந்த பாக்கெட்டுகளின் முதுகில் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஏழு வருஷத்தில் குளிப்பாட்டும் அறையிலிருந்து கவுண்டருக்கு வந்துவிட்டாள். முதலாளி அபிலாஷ் சரக்கெடுக்கப் போகும் நாட்களில் கடை அவள் பொறுப்பு.

அவள் கையால் அதிகம் விற்றது அந்த வெள்ளை எலும்புதான். பார்க்கத்தான் எலும்பு. உண்மையில் அது மாட்டுத் தோலின் உள்ளடுக்கைச் சுண்ணாம்பில் ஊறவைத்து வெளுத்து, முறுக்கி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் காயவைத்தது. பாக்கெட்டில் பச்சை இலைப் படமும் 'நேச்சுரல்' என்ற எழுத்தும் இருந்தன. "பல்லுக்கு நல்லது, நேச்சுரல்" என்று அவளும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

போன ஜூன் மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில் ஸ்ரீவராகத்திலிருந்து ராமசுப்ரமணியன் வந்தார். ரிட்டயரான பேங்க் மேனேஜர். மீனு என்று ஒரு பீகிள் நாய் வளர்க்கிறார். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரைக் கவுண்டர் மேல் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், ஊறிப்போன செருப்புத் தோல் மாதிரி ஒரு முடிச்சு.

"வயத்தைக் கீறி இதைத்தான் எடுத்தா."

"பொழைச்சுதா சாமி?"

"பொழைச்சுது. பதினோரு தையல்." அவர் குரல் உயரவே இல்லை. "நேச்சுரல்னு சொன்னேள். நானும் நம்பிட்டேன். நேக்கு என்ன தெரியும், மாமிசத்தைத் தொட்டே பழக்கமில்லை."

அபிலாஷ் உள்ளேயிருந்து வந்தான். "சாரே, நாய் கடிக்கும்போ பக்கத்துல இருந்து நோக்கணும். முழுசா முழுங்கினா எதுவும் அடைக்கும்தானே" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. பெரியவர் கவரை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் இசக்கிசெல்விக்கு மனசு ஆறியிருக்கும். திட்டாமல் போனது நெஞ்சில் முள்ளாய் நின்றது. அன்றைக்கு அந்த எலும்பைக் கேட்டு வந்த மூன்று பேரிடமும் ஸ்டாக் இல்லை என்றாள். மூன்றாவது ஆள், அவள் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைக் கைநீட்டிக் காட்டினார். "இருக்கு. நான் தரமாட்டேன்" என்றாள்.

மறுநாள் வீட்டிலிருந்து அகலவாய்க் கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்றில் தண்ணீர் ஊற்றி வெள்ளை எலும்பைப் போட்டாள். இன்னொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் காயவைத்த ஆட்டுக் காதைப் போட்டாள். இரண்டையும் மூடிக் கவுண்டர் மேல் வைத்து, எதை என்றைக்குப் போட்டது என்று அட்டையில் எழுதிச் சாய்த்தாள். மலையாளத்தில் எழுதிய அந்த இரண்டு வரியில் மூன்று பிழை.

நாலாம் நாள் எலும்பு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாலும் பிய்யவில்லை. ஆட்டுக் காது விரலால் கிள்ளியதும் வந்துவிட்டது. வந்தவர்களையெல்லாம் இழுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு காலேஜ் பெண் இழுத்துப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அபிலாஷ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா, பாட்டிலும் நாயோட வயிறும் ஒண்ணா? வயித்துல ஆசிட் உண்டல்லோ."

"ஒண்ணில்ல சாரே. பாட்டில்னா கையை விட்டு எடுத்துரலாம்."

"எத்தனையோ நாய் இது திங்குது. ஒண்ணும் ஆகலையே."

"ஆனது ஒண்ணு. அது என் கையால ஆச்சு."

அந்த எலும்பு உள்ளே முப்பது பெட்டி இருந்தது. அது தீரும்வரைக்குமாவது சும்மா இருக்கச் சொன்னான். முடியாது என்றாள். கவுண்டருக்குத் தன் தங்கையைக் கொண்டுவந்து உட்கார்த்தி, இசக்கிசெல்வியைப் பழையபடி குளிப்பாட்டும் அறைக்கு அனுப்பினான். பாட்டிலைத் தொட மட்டும் அவனுக்குக் கை வரவில்லை.

குளிப்பாட்டும் அறையில் நாயோடு அதன் ஆட்களும் நிற்பார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை. கையில் சோப்பு நுரையோடு இசக்கிசெல்வி அவர்களிடம் பேசினாள். கடிக்கக் கொடுக்கும் எதையும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது பள்ளம் விழவேண்டும், விழாவிட்டால் நாயின் பல் உடையும் என்றாள். அந்தக் கணக்கில் மாட்டுக் குளம்பும் மான்கொம்பும் வேண்டாம். வேகவைத்த எலும்பு சிலாம்பு சிலாம்பாய்த் தெறிக்கும், அதுவும் வேண்டாம். வாய்க்குள் முழுசாய் அடங்குகிற அளவில் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு போனைப் பார்க்காதீர்கள். சொல்லிக்கொண்டே நாயின் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிடுவாள்.

மூன்று வாரம் கழித்து ராமசுப்ரமணியன் மீனுவைக் கூட்டிக்கொண்டு நேரே அவளிடம் வந்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் ஷிஜா, பல்லில் கறை ஏறியிருக்கிறது, கடிக்க ஏதாவது கொடுக்கலாம், வீங்குகிற எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"காரட் கொடுத்தேன். கடிச்சுக் கடிச்சுத் துப்பறது."

இசக்கிசெல்வி ரோமம் நீக்கிக் காயவைத்த ஆட்டுக் காதுகளில் ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தி, முகர்ந்து பார்த்து இரண்டை எடுத்தாள். சிக்கு வாடை அடித்ததைத் தள்ளி வைத்தாள். "வாரத்துக்கு ரெண்டுதான். கூடினா வயிறு இளகும். அன்னைக்குச் சோத்தைக் கொஞ்சம் குறைக்கணும்."

"இதை எங்காத்துல வச்சு எப்படிக் கொடுக்கறது?"

"நீங்க திங்கண்டாம் சாமி. அது தின்னாப் போதும். நீங்க பக்கத்துல நின்னா மதி."

அவர் பேப்பரில் சுற்றி வாங்கிப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டார். மீனு பையை விட்டு மூக்கை எடுக்கவில்லை.

மாதக் கடைசியில் எலும்புக் கம்பெனிக்காரன் சுமந்த் ஆர்டர் எடுக்க வந்தான். அபிலாஷ் ஆர்டர் இல்லை என்றதும் பாட்டிலைப் பார்த்தான், அட்டையைப் படித்தான். "பாக்கெட்ல நூறு சதவீதம் நேச்சுரல்னு தெளிவா போட்டிருக்கே" என்றான்.

ஈரக் கையோடு இசக்கிசெல்வி வெளியே வந்தாள். "அரளிக் கொட்டையும் நேச்சுரல்தான். அதுக்கும் பாக்கெட் போடுவீங்களா?"

சுமந்த் அபிலாஷைப் பார்த்தான். "இவங்க என்ன, டாக்டரா?"

"டாக்டர் இல்ல. வித்தவ. அதனாலதான் சொல்லுதேன்."

கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அபிலாஷுக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, மதி. ஒண்ணுகில் பாட்டில், இல்லேங்கில் நீங்க. ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கும்."

"பாட்டிலை நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க எடுத்துக் குப்பையில போடுங்க. என்னைப் போகச் சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க, போறேன். எதுக்குப் போகச் சொல்லுதீங்கன்னு இவங்க காதுலயும் விழட்டும்."

அபிலாஷ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பில் போட ஆரம்பித்தான். நின்றவர்களில் ஒருவர் ஆட்டுக் காது இருக்கிறதா என்று கேட்டார். இசக்கிசெல்வி கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து கவுண்டர் மறுபடி அவளுடையதாயிற்று. யாரும் அவளை அங்கே வரச் சொல்லவில்லை.

பெட்டிகளில் பாதியைச் சுமந்த் திருப்பி எடுத்துப் போனான். மீதி மேல்தட்டுக்கு ஏறியது. அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் திங்கட்கிழமைகளில் வந்து பார்த்தால் தட்டில் நாலைந்து பாக்கெட் குறைந்திருக்கும். ஞாயிறு அவளுக்கு லீவு. அன்றைக்கு அபிலாஷின் தங்கை விற்கிறாள் என்று தெரிய மூன்று வாரம் பிடித்தது.

அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு அவள் சேலை மாற்றுவதைப் பார்த்து வன்னியராஜ் கேட்டான். "லீவுக்குச் சம்பளம் தாராங்களா?"

"இல்ல."

"பின்னே எதுக்குப் போற?"

"நான் இருந்தா அது விக்காது."

அவன் இன்னொரு டீ போடச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே அடுப்பைப் பற்றவைத்தான்.

கடையில் அபிலாஷின் தங்கை அவளைப் பார்த்துத் திகைத்து, இன்றைக்கு லீவுதானே என்றாள். ஆமாம் என்றாள் இசக்கிசெல்வி. மேல்தட்டை எட்டுவதற்கு அந்தக் கடையில் ஒரே ஒரு ஸ்டூல்தான் உண்டு. அதை இழுத்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.